முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின்: வலியைப் புரிந்துகொண்டு வகுப்பறைக்குத் திரும்புவோம்

ஆசிரியர் பணி பெரும்பாலும் நின்று செய்யும் பணி. கரும்பலகையின் மேல் ஓரத்தில் எழுதக் கையைத் தூக்குகிறோம். மாணவரின் குறிப்பேட்டைப் பார்க்கக் குனிகிறோம். எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் குழந்தைகளோடு தரையில் அமர்ந்து எழுகிறோம். இவற்றோடு பேருந்துப் பயணமும் வீட்டு வேலையும் சேரும்போது, நாற்பது வயதைக் கடந்த பலருக்கு முதுகுவலி வழக்கமான ஒன்றாகிவிடுகிறது. பெரும்பாலானோருக்கு மருந்தும் உடற்பயிற்சியும் போதும். சிலருக்கு மட்டுமே அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.

அந்தச் சிலருள் நானும் ஒருவர். சிகிச்சைக்குப் பின் சக ஆசிரியர்கள் கேட்ட கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. “ஆபரேஷன் செய்த பிறகும் வலிக்கிறதா?”, “எப்போது பள்ளிக்கு வரலாம்?”, “இனிமேல் குனியவே கூடாதா?” இக்கேள்விகளுக்கான விளக்கமே இக்கட்டுரை. இதில் உள்ளவை பொதுவான செய்திகள். ஒவ்வொருவரும் தம் அறுவை மருத்துவர், இயன்முறை மருத்துவர் கூறும் அறிவுரையையே இறுதியாகக் கொள்ள வேண்டும்.

முதுகில் என்ன நடக்கிறது?

நம் முதுகெலும்புத் தொடரில் அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. அவற்றுள் இடுப்புப் பகுதியில் உள்ளவை 5. இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தை போன்ற வட்டு உள்ளது. நாம் ‘டிஸ்க்’ என்று சொல்வது இதைத்தான். அதன் வெளி வளையம் உறுதியானது, உட்பகுதி கூழ் போன்றது. வெளி வளையம் நைந்து கிழியும்போது உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி, அருகில் செல்லும் நரம்பு வேரை அழுத்துகிறது. இடுப்பின் கடைசி இரண்டு வட்டுகளில்தான் இது அதிகம் நடக்கிறது. அந்த நரம்புகள் காலுக்குச் செல்வதால் வலி பிட்டத்திலிருந்து கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் போல இறங்கும். இதுவே ‘சயாட்டிகா’.

பிதுங்கிய வட்டுதான் இத்தகைய கால்வலிக்குக் காரணம் என்பதை அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934இல் விளக்கினர். 1970களின் பிற்பகுதியில் நுண்ணோக்கி உதவியுடன் சிறிய கீறலில் செய்யும் முறை வந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் மருத்துவர் பி. இராமமூர்த்தி நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இச்சிகிச்சை இன்று பல மாவட்டங்களிலும் கிடைக்கிறது.

அறுவைக்குப் பிறகும் ஏன் வலிக்கிறது?

அறுவை சிகிச்சை நரம்பின் மேல் இருந்த அழுத்தத்தை நீக்குகிறது. ஆனால் நரம்பு பட்ட காயத்தை அது உடனே ஆற்றிவிடுவதில்லை. கதவிடுக்கில் சிக்கிய விரலை வெளியே எடுத்த பிறகும் சில நாள் வலிப்பதை நினைத்துக்கொள்ளலாம். வலி எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் பாதி அச்சம் குறையும்.

முதலாவது, காயத்தின் வலி. தோலும் தசையும் விலக்கப்பட்டதால் வருவது. முதல் சில நாட்களில் கடுமையாக இருந்து வாரக்கணக்கில் குறையும்.

இரண்டாவது, நரம்பின் வலி. காலில் எரிச்சல், குறுகுறுப்பு, மதமதப்பு எனத் தோன்றும். காலில் இறங்கும் கடும் வலி பலருக்கு விரைவில் தணிந்தாலும், மரத்துப்போன உணர்வும் பாதத்தின் பலவீனமும் மெதுவாகவே சீராகும். காயமுற்ற நரம்பிழை ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் வரையுள்ள தொலைவைக் கணக்கிட்டுப் பார்த்தால் மாதங்கள் ஏன் ஆகின்றன என்பது விளங்கும்.

மூன்றாவது, தசையின் வலி. அறுவைக்கு முன்பே பல மாதங்கள் ஒரு பக்கம் சாய்ந்து நடந்திருப்போம். தசைகள் சில இறுகியும் சில தளர்ந்தும் போயிருக்கும். நடமாட்டம் கூடும்போது அவை வலிக்கும். மூன்றாம் நான்காம் வாரத்தில் “நன்றாக இருந்தது, மறுபடி வந்துவிட்டதே” என்று பலர் பயப்படுவது இதனால்தான்.

நான்காவது, அச்சம் பெருக்கும் வலி. வலியைப் பற்றி மெல்சாக், வால் ஆகிய இருவரும் 1965இல் முன்வைத்த ‘வாயில் கோட்பாடு’, உடலிலிருந்து வரும் செய்தி தண்டுவடத்திலேயே கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்றது. தூக்கமின்மை, கவலை, “ஏதோ கெட்டுவிட்டது” என்ற எண்ணம் ஆகியவை வலியைக் கூட்டும். நல்ல உறக்கமும் மெல்லிய நடையும் தெளிவும் அதைக் குறைக்கும். வலி உண்மையானதுதான். ஆனால் வலியின் அளவும் காயத்தின் அளவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

எலும்புகளைத் திருகாணி வைத்து இணைத்தவர்களுக்கு எல்லாமே இன்னும் நீளும். எலும்பு ஒன்றுகூடவே பல மாதங்கள் ஆகும். புகைப்பழக்கம் அதைத் தாமதப்படுத்தும்.

மருந்துகள்: துணிவும் வேண்டாம், பயமும் வேண்டாம்

“மாத்திரை பழகிவிடும்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பது மீட்சியைத் தாமதப்படுத்தும். வலி கட்டுக்குள் இருந்தால்தான் நடக்க முடியும். நடந்தால்தான் தசை வலுப்பெறும். எனவே முதல் நாட்களில் மருத்துவர் எழுதித் தந்த நேரத்தில் மருந்தை எடுத்துக்கொண்டு, பிறகு அவர் சொல்லும் முறைப்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை சில. பாராசிட்டமால் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. உடல்நிலையைப் பொறுத்து மருத்துவர் இதைவிடக் குறைவாகவும் வரையறுக்கலாம். கூட்டு மாத்திரைகள் பலவற்றில் அது ஏற்கெனவே கலந்திருப்பதால் காய்ச்சலுக்கென்று தனியாக வாங்கிப் போடும் முன் அட்டையைப் படிக்க வேண்டும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் தாமே வாங்கித் தொடரக் கூடாது. டிரமடால், பிரிகாபலின் ஆகியவை மயக்கம் தரும். அவற்றை எடுக்கும் காலத்தில் இருசக்கர வாகனம் ஓட்ட வேண்டாம். பிரிகாபலினைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

டிரமடால் மலச்சிக்கலையும் உண்டாக்கும். முக்கும்போது முதுகு வலிக்கும். கீரை, வாழைப்பழம், போதிய தண்ணீர் ஆகியவை இக்காலத்தில் மருந்துக்குச் சமம்.

உறவினர்கள் அன்பால் சொல்லும் எண்ணெய் உருவுதல், முதுகை மிதிக்கச் சொல்லுதல், கட்டுப் போடுதல் ஆகியவற்றை அறுவை செய்த முதுகில் செய்யவே கூடாது.

எழுவது, நடப்பது, உட்காருவது

படுக்கையிலிருந்து நேராக எழக் கூடாது. முழங்கால்களை மடித்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி மரக்கட்டை உருள்வதைப் போல ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்குக் கீழே இறக்கிக்கொண்டே முழங்கையை ஊன்றி எழ வேண்டும். படுக்கும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யலாம்.

முதல் ஆறு வாரங்களுக்கு மருத்துவர்கள் வழக்கமாகத் தவிர்க்கச் சொல்பவை மூன்று: குனிதல், தூக்குதல், முறுக்கித் திரும்புதல். 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் 20 கிலோ. வீட்டு எரிவாயு உருளையில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ, உருளையோடு சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். இவற்றைப் பிறர்தாம் தூக்க வேண்டும். தரையில் அமர்வது, கோலமிடக் குனிவது, தரைமட்டக் கழிப்பறை ஆகியவற்றுக்கும் இடைவெளி தேவை. வீட்டில் வேறு வசதி இல்லையென்றால் கழிப்பறையின் மேல் வைக்கும் நாற்காலி கிடைக்கிறது.

நடைதான் முதன்மையான பயிற்சி. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடப்பதைவிட ஐந்து பத்து நிமிடங்களாக நாளில் பலமுறை நடப்பது நல்லது. உட்காருவதற்குக் கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிட வேண்டும்.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடுங்கள். ஒரு வேலைக்குப் பின் வலி இரண்டு புள்ளி கூடி, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. மறுநாளும் கூடுதலாகவே இருந்தால் அளவைப் பாதியாக்கி, அங்கிருந்து உயர்த்த வேண்டும். நல்ல நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்திருப்பதே பலரின் மீட்சியைக் குலைக்கிறது. கூட்டல் வராத குழந்தைக்கு நாம் வகுத்தலைக் கொடுப்பதில்லை. அதே பொறுமை நம் முதுகுக்கும் தேவை.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

பின்வருவனவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது:

• காய்ச்சல், குளிர் நடுக்கம், காயத்தில் சீழ், நீர்க்கசிவு அல்லது கூடிவரும் சிவப்பு
• காலில் புதிதாக வரும் பலவீனம், பாதத்தைத் தூக்க முடியாமை
• சிறுநீர் அடைப்பு, கட்டுப்பாடின்றி சிறுநீரோ மலமோ வெளியேறுதல், ஆசனவாயைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் மரத்துப்போதல்
• ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும்
• திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி (108ஐ அழைக்க வேண்டும்)

பள்ளிக்குத் திரும்புதல்

எப்போது திரும்பலாம் என்பது அறுவையின் வகையையும் அவரவர் உடல்நிலையையும் பொறுத்தது. வகுப்பறைக்கு முன் பயணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆவடி, அம்பத்தூர் பகுதியினருக்கு மின்சார ரயிலில் குலுக்கல் குறைவு, ஆனால் நடைமேம்பாலப் படிகளும் நெரிசலும் உண்டு. பூந்தமல்லி பக்கம் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் உண்டு. வேகத்தடைகளில் கடைசி இருக்கை தூக்கிப் போடும். எனவே பேருந்தின் நடுப்பகுதியில் அமர்வதும், கூட்டத்துக்கு முந்தைய வண்டியைப் பிடிப்பதும், பணியில் சேரும் முன் ஒருமுறை வெள்ளோட்டமாகப் போய்வருவதும் உதவும்.

வகுப்பறையில் செய்யக்கூடிய மாற்றங்கள் செலவில்லாதவை. பலகையில் கண் மட்டத்தில் எழுதலாம். நீண்ட நேரம் நிற்கும்போது ஒரு காலைச் சிறு பலகையின் மேல் மாற்றி மாற்றி வைக்கலாம். ஒரு குறிப்பேடு 200 கிராம் என்றாலே 40 பேருடைய கட்டு 8 கிலோ. அதை மாணவர்கள் ஐந்தைந்தாகக் கொண்டுவரட்டும். தரையில் அமரும் வகுப்புகளில் ஆசிரியர் தாழ்வான முக்காலியில் குனிந்து அமர்வதைவிட, வழக்கமான நாற்காலியில் அமர்ந்து குழுக்களைத் தம்மிடம் வரச் செய்வது நல்லது.

இங்கே தலைமையாசிரியரின் பங்கு பெரிது. முதல் சில வாரங்களுக்குத் தொடர்ந்து இரண்டு பாடவேளை வராதபடி கால அட்டவணையை அமைக்கலாம். மாடி வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றலாம். இறைவணக்கக் கூட்டத்தில் அமர அனுமதிக்கலாம். முதுகு அறுவைத் தழும்பு யார் கண்ணிலும் படாது. கட்டோ ஊன்றுகோலோ இல்லாதவரைப் பார்த்து, “பார்க்க நன்றாகத்தானே இருக்கிறார்” என்று ஓய்வறையில் ஒருவர் சொல்வது, வலியை மறைத்து வேலை செய்யும் நிலைக்கு அவரைத் தள்ளிவிடும். அப்படி மறைத்தவர்கள் மீண்டும் நீண்ட விடுப்பில் செல்ல நேர்ந்தால் இழப்பு மாணவர்களுக்குத்தான்.

பணியை மனிதருக்கேற்ப அமைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேலூரில் ஒரு வரலாறு உண்டு. கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு நடக்க முடியாதவரானார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீராக்கும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதால், சக்கர நாற்காலியில் இருந்தே அதைச் செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவருடைய பாதிப்போடு ஒப்பிட்டால் நம்மில் பெரும்பாலோருடையது சிறியது. நமக்குத் தேவைப்படுவது ஒரு நாற்காலியும் சற்று மாற்றிய கால அட்டவணையும்தான்.

சில நடைமுறைகள்

மருத்துவச் சான்றின் பேரிலான ஈட்டா விடுப்பு, ஈட்டிய விடுப்பு ஆகியவற்றில் எதை எவ்வளவு எடுப்பது என்பதை அலுவலகத்தில் பணிப்பதிவேட்டைப் பார்த்து முன்பே முடிவு செய்யலாம். பணியில் சேரும்போது உடற்தகுதிச் சான்று தேவை. அரசு ஊழியர் மருத்துவக் காப்பீட்டில் அனுமதி பெறும் ஆவணங்களின் நகல்களையும் மருத்துவமனையின் விடுவிப்புச் சுருக்கத்தையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். நிலையான பலவீனம் தங்கிவிட்டவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் துணை நிற்கிறது. பணிக்காலத்தில் இயலாமை ஏற்பட்ட அரசு ஊழியரை அக்காரணத்தால் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்ய அது இடம் தருவதில்லை.

இச்செய்திகள் நம் பெற்றோர்களுக்கும் உரியவை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சுமை தூக்கும் தந்தையோ நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் அமரும் தாயோ முதுகு அறுவை செய்துகொண்டு வீட்டில் இருந்தால், அது குழந்தையின் வருகைப் பதிவில் தெரியும். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு அந்த மருத்துவமனைகள் உள்ளன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கச் சொல்லலாம்.

அறுவைக்குப் பின் வலி நேர்க்கோட்டில் இறங்காது. ஏறியும் இறங்கியும்தான் குறையும். நேற்றைய நாளோடு ஒப்பிட்டால் சோர்வு வரும். சென்ற மாதத்தோடு ஒப்பிட்டால் முன்னேற்றம் தெரியும். ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் நடந்த நிமிடங்களையும் வலியின் அளவையும் எழுதிவைத்தால் போதும். மருத்துவருக்கும் அது பயன்படும்.