போவா மூதாட்டியின் மொழி

திருவண்ணாமலைக் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். பொறித்தவர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியும் அத்தமிழ் நிலைத்திருக்கிறது. எழுத்து வடிவம் பெறாத மொழிக்கு இத்தகைய காவல் இல்லை. பேசுவோர் நாவே அதன் இருப்பிடம். வங்கக் கடலிலுள்ள அந்தமான் தீவுகளில் வழங்கிய ‘அகா-போ’ அத்தகைய மொழி. அதைப் பேசியவருள் கடைசியாக எஞ்சிய போவா மூதாட்டி, 2010 சனவரி 26 அன்று, ஏறத்தாழ 85ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

பெருஅந்தமானியர் எனப்படும் பத்துக் குழுவினருள் போ இனத்தவரும் ஒரு குழுவினர். 1858இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை நிறுவியபோது, பெருஅந்தமானியர் ஏறத்தாழ 5,000 பேர் இருந்தனர் என மதிப்பிடப்படுகிறது. வந்தேறியவரிடமிருந்து பரவிய நோய்களைத் தாங்கும் ஆற்றல் அவர்தம் உடலுக்கு இல்லை. 1877இல் பரவிய தட்டம்மை பலரைக் கொன்றது. 1961இல் எஞ்சியோர் 19 பேரே! பின்னர் அவர்கள் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். வெவ்வேறு குழுவினர் ஒன்றுகூடியதால் கலப்புமொழி பேசினர். பிள்ளைகள் இந்திக்கு மாறினர். மொழியில் குறையிருந்து அது வழக்கொழியவில்லை. பேச ஆளில்லாமற்போனதே காரணம்.

அக்குறையின்மைக்கு அம்மொழிகளின் இலக்கணமே சான்று. ஊசியின் காது, பானையின் வாய், மலையின் அடி என நாமும் உறுப்புப் பெயர்களைப் பிற பொருள்களுக்கு ஏற்றிச் சொல்கிறோம். அங்கோ, உடற்பகுதியைச் சுட்டும் முன்னொட்டு பெயரிலும் வினையிலும் பண்புச்சொல்லிலும் வந்து சேர்கிறது. உறவுமொழியான அகா-பேயாவில் ‘யோப்’ என்பது மென்மை, நெகிழ்வு போன்ற பொருள்தரும் அடிச்சொல். தலை, நெஞ்சு ஆகியவற்றுக்குரிய முன்னொட்டைச் சேர்த்து ‘ஓத்-யோப்’ என்றால், பஞ்சணை போல உருண்டு மெத்தென்றிருப்பது. நாவுக்குரிய முன்னொட்டுடன் ‘அகா-யோப்’ என்றால், குச்சி போலக் கூர்மையானது. ‘அகா-போ’ என்னும் மொழிப்பெயரின் தொடக்கத்தில் நிற்பதும் நாவுக்குரிய இம்முன்னொட்டே.

மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி, போவாவின் பேச்சையும் பாடல்களையும் ஒலிப்பதிவு செய்தார். பெற்றோர் மறைந்தபின் பல்லாண்டுகள் தம் மொழியில் உரையாடத் துணையின்றி வாழ்ந்தவர் போவா. பறவைகளை முன்னோராகக் கருதுவது அவர் மரபு. ஆதலால் அவர் பறவைகளுடன் தம் மொழியில் பேசிவந்தார். கண்டோர்க்கு அது விந்தையாகத் தோன்றியிருக்கலாம். அவருக்கோ உறவினரோடு பேசும் இயல்பான பேச்சு. பெருஅந்தமானியரிடம் அப்பி திரட்டிய பறவைப் பெயர்கள், மூதாட்டி மறைந்த பின்னர்த் தனி நூலாக வெளிவந்தன.