பூச்சி மருந்தும் பறவை முட்டையும்

சென்ற தை மாதத்தில் நம் மன்ற நண்பர்கள் நால்வர் நேலபட்டுக்குச் சென்றிருந்தோம். ரேணிகுண்டாவில் இரயிலேறிக் காளத்தி வழியாகக் கூடூர் சேர்ந்து, அங்கிருந்து சென்னைப் பாதையில் தெற்கே திரும்பித் தொரவாரிசத்திரத்தில் இறங்கினால் ஏரி அதிகத் தொலைவில் இல்லை. நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களின் தலையெல்லாம் கூழைக்கடாக்களின் கூடுகள். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடித்துப் பையை நிரப்பிக்கொண்டு பறவைகள் வந்திறங்கிய வண்ணம் இருந்தன. காவற்கோபுரத்தின் மேல் நின்றபடி, வணிகவியல் படிக்கும் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார்: "நான்கைந்து கிலோ எடையுள்ள பறவை முட்டையின் மேல் உட்கார்ந்தால் முட்டை உடையாதா?"

உடையாது என்றேன், ஓடு அந்த எடையைத் தாங்கும் என்றேன். அது அரை விடை. மீதி அரை விடையைக் கோபுரத்தின் மேல் நின்று சொல்ல நேரமில்லை. ஆகவே இங்கு எழுதுகிறேன்.

கூழைக்கடா கோழியைப் போல வயிற்றுச் சூட்டால் அடைகாப்பதில்லை. வாத்துக்கு இருப்பதுபோல் அதன் விரல்களுக்கிடையே சவ்வு உண்டு. அந்தச் சவ்வுக் கால்களை முட்டையோடு ஒட்ட வைத்து, காலின் சூட்டால் காக்கிறது. அதாவது, முட்டை தாயின் மிதியிலேயே வளர்கிறது. ஓடு கெட்டியாக இருக்கும் வரையில் இதில் ஆபத்து ஒன்றுமில்லை.

ஓடு எதனால் ஆனது? சுண்ணாம்புக்கல் எந்தப் பொருளோ பெரும்பாலும் அதே பொருள்தான், கால்சியம் கார்பனேட். வந்தவாசிப் பக்கத்தில் எங்கள் ஆயா கோழி வளர்த்தவர். கோழி தோல்முட்டை இட்டால், உடைந்த ஓட்டையும் கிளிஞ்சலையும் இடித்துத் தவிட்டில் பிசைந்து வைப்பார். சில நாளில் ஓடு கெட்டிப்படும். ஆயாவுக்கு இரசாயனம் தெரியாது. ஆனால் அவர் செய்தது சரியான இரசாயனம். தாய்ப்பறவையின் இரத்தத்தில் ஓடும் சுண்ணாம்புச் சத்து, கருப்பையின் சுவரைக் கடந்து, முட்டையின் மேல் படிந்து ஓடாகிறது. கோழிக்கு இந்த வேலை முடிய ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும்.

இனி டி.டி.டி.க்கு வருவோம். 1939-இல் அதன் பூச்சிக்கொல்லி ஆற்றலைக் கண்ட பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு அளித்தார்கள். இரசாயனப் பரிசு அன்று, மருத்துவப் பரிசு. கொசுவையும் பேனையும் ஒழித்து அது காத்த மனித உயிர்கள் எத்தனையோ. இதை மறந்து அதனைத் திட்டுவது நியாயமாகாது. ஆனால் அது எளிதில் அழியாது, நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். இந்த மூன்று குணங்களும் ஒன்று சேர்ந்ததே தொல்லை. உயிரினத்தின் உடலுக்குள் சென்றதும் அது டி.டி.ஈ. என்னும் வேறொரு பொருளாக மாறிக் கொழுப்பில் தங்கிவிடுகிறது.

தங்குவது எவ்வளவு? கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்றோர் ஏரி. அங்கே கொசுவைப் போன்ற சிறு பூச்சிகளின் தொல்லையைப் போக்க, டி.டி.டி.யின் உடன்பிறப்பான டி.டி.டீ. என்ற மருந்தை 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் கலந்தார்கள். ஐந்து கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு அளவே கலந்தது. இதனால் யாருக்கு என்ன கேடு வரும்? ஆனால் நீரில் மிதக்கும் நுண்ணுயிர் அதை ஈர்த்தது. நுண்ணுயிரைச் சிறு மீன் தின்றது. அதைப் பெரிய மீன் தின்றது. பெரிய மீனை முக்குளிப்பான் தின்றது. செத்து மிதந்த முக்குளிப்பானின் கொழுப்பைச் சோதித்தபோது பத்து லட்சத்தில் 1,600 பங்கு நஞ்சு இருந்தது. ஐந்து கோடியில் ஒன்று, ஏறக்குறைய அறுநூறில் ஒன்றாகிவிட்டது. உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பவர் தலையில்தான் எல்லாம் விடியும்.

செத்த பறவை கண்ணுக்குத் தெரியும். சாகாத பறவையின் கதையைக் கண்டுபிடித்ததுதான் பெரிய சாதனை. இங்கிலாந்தில் பந்தயப் புறா வளர்ப்போர் 1960 வாக்கில், பைரி என்னும் வல்லூறு தங்கள் புறாக்களைத் தின்று பெருகிவிட்டதென்று புகார் கொடுத்தனர். பைரிகளைக் கணக்கெடுக்கும் பணி டெரெக் ராட்கிளிஃப் என்ற விஞ்ஞானியிடம் வந்தது. கணக்கெடுத்தால், பெருகவில்லை, பாதிக்கு மேல் காணவே இல்லை! புகார் கொடுத்தவர்கள் அறியாமலே செய்த பெரிய உதவி இது. கூடு கட்டிய பைரிகளிலும் பல, உடைந்த முட்டைகளோடு இருந்தன. தாயே தன் முட்டையை உடைத்துத் தின்பதையும் அவர் கண்டிருந்தார்.

ஓடு மெலிந்திருக்குமோ என்று ஐயுற்றார் ராட்கிளிஃப். மெலிந்தது என்று சொல்ல, முன்பு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமே. அங்கே ஒரு விநோத வழக்கம் உதவியது. நம் பிள்ளைகள் தபால் தலை சேர்ப்பதுபோல் ஆங்கிலேயர் பலர் பறவை முட்டை சேர்த்தார்கள். சிறு துளையிட்டு உள்ளிருப்பதை ஊதி வெளியேற்றி, ஓட்டை மட்டும் நாளும் இடமும் குறித்துப் பெட்டியில் வைப்பார்கள். பறவைக்குக் கேடான பொழுதுபோக்கு. பின்னாளில் அதுவே சாட்சியாயிற்று. ஓட்டை உடைத்துக் கனம் பார்க்க உரியவர்கள் விடுவார்களா? ஆகையால் ஓட்டின் எடையை, அதன் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தார். தராசும் அளவுகோலும் போதும். பல பத்தாண்டுகளின் முட்டைகளை அளந்தால், எண் ஏறத்தாழ ஒரே நிலையில் வந்துகொண்டிருந்தது. 1947-ஐ ஒட்டித் திடீரென்று சரிந்தது. பைரி முட்டையின் ஓடு ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிட்டது. போர் முடிந்து டி.டி.டி. எல்லார் கைக்கும் வந்த காலம் அது. 1967-இல் இதை அவர் வெளியிட்டார். ஆய்வுக்கூடத்தில் விலையுயர்ந்த கருவி இல்லை என்று குறைபட்டுக்கொள்ளும் என் போன்ற முதுநிலை மாணவர்கள் இந்தத் தராசை நினைத்துக்கொள்ளலாம்.

டி.டி.ஈ. செய்வது இதுதான்: கருப்பைச் சுவர் வழியே சுண்ணாம்பு கடந்து செல்வதைத் தடுக்கிறது. இரத்தத்தில் சுண்ணாம்பு இருக்கிறது. ஓடு செய்யும் இடத்துக்குப் போகும் வாயில் அடைபட்டிருக்கிறது. ஆயாவின் கிளிஞ்சல் வைத்தியம் இங்கே பலிக்காது. இன்னொன்று: கோழிக்கும் காடைக்கும் இந்தக் கேடு மிகக் குறைவு, வல்லூறு, கூழைக்கடா முதலியவற்றுக்கே அதிகம். கோழியை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் டி.டி.ஈ. குற்றமற்றது என்று விடுதலையாகியிருக்கும்!

இப்போது நண்பரின் வினாவுக்குத் திரும்பலாம். லாஸ் ஏஞ்சலீஸில் டி.டி.டி. ஆலைக் கழிவு, சாக்கடை வழியாகப் பல ஆண்டுகள் கடலில் கலந்தது. அருகிலுள்ள அனகாபா தீவில் பழுப்புக் கூழைக்கடாக்கள் கூடு கட்டுவது வழக்கம். 1970-இல் அங்கே 550-க்கும் மேற்பட்ட கூடுகள். வளர்ந்த குஞ்சு ஒன்றே ஒன்று. தாய்ப்பறவைகள் நோயின்றிப் பறந்தன, மீன் பிடித்தன, கூடு கட்டின, முட்டையும் இட்டன. காலை வைத்து அடைகாக்க முயன்றன. ஓடு காலடியில் நொறுங்கியது. 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடுத்தது. பறவைகள் மெல்ல மீண்டன; 2009-இல் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து பழுப்புக் கூழைக்கடாவை எடுத்துவிட்டார்கள்.

அமெரிக்கக் கதையே சொல்கிறாயே, நம் நாட்டில் என்ன என்று கேட்பீர்கள். இந்தியாவில் வயலில் டி.டி.டி. தெளிப்பது 1989-இல் தடை செய்யப்பட்டது. கொசு ஒழிப்புக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். நம் பாட்டனார்கள் வெறுங்கையால் தூவிய பி.எச்.சி. தூள் 1997-இல் தடையாயிற்று. பரங்கிப்பேட்டை அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜப்பானியரும் சேர்ந்து தென்னிந்தியப் பறவைகளைச் சோதித்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், உள்ளூர்ப் பறவைகளின் உடலில் இந்த பி.எச்.சி.யே மேலோங்கியிருந்தது. பரத்பூர்ச் சரணாலயத்தில் 1980-களின் இறுதியில் 18 சாரசக் கொக்குகள் மாண்டன. சுற்றுவட்ட வயல்களில் இட்ட ஆல்ட்ரின் மருந்தே காரணம் என்று முரளிதரன் என்னும் ஆய்வாளர் 1993-இல் காட்டினார்.

பாறுகளின் கதை இதைவிடக் கொடிது. அங்கே பூச்சி மருந்துகூட இல்லை; மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும். 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தது. லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004-இல் காரணத்தைக் கண்டனர். 2006-இல் கால்நடைக்கு அம்மருந்து தடையாயிற்று. இத்தனை அழிவுக்கு எல்லா மாட்டிலும் நஞ்சு இருக்க வேண்டியதில்லை. நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இருந்தாலே போதும் என்று கணக்கிட்டார்கள். ஏனெனில் பாறு ஆண்டுக்கு ஒரே முட்டை இடுவது. குஞ்சு தாயாக ஐந்து ஆண்டளவு ஆகும். சாவு சற்றே கூடினாலும் முட்டையால் ஈடுகட்ட முடியாது.

ஆயா திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து சோறு உண்டதைப் பார்த்தவர். கழுகு வராத நாளில், கூட்டத்தில் பாவி எவனோ இருக்கிறான் என்பார்களாம். 1990-களின் பிற்பகுதியோடு அவை வருவது நின்றுவிட்டது. அந்த மலையின் கதையை ஒரே மருந்தின் தலையில் கட்டுவது அறிவியலாகாது. நான் கட்டவும் மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சு நினைவுக்கு வரும்போதெல்லாம் மனம் சங்கடப்படுகிறது.

சங்கடத்துக்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாமாவின் நெல்வயலுக்குக் குருணை மருந்து போட நானும் துணைக்குப் போனேன். மறுநாள் காலையில் வரப்போரம் ஏழு கொக்குகள் கிடந்தன. இக்கால மருந்துகள் பல டி.டி.டி.யைப் போல் உடலில் தங்குவதில்லை. நரம்பைத் தாக்கி உடனே முடித்துவிடும். அது ஆடி மாதம். பக்கத்துப் புளியமரத்தில் கூடுகள் இருந்தன. இரண்டு நாள் குஞ்சுகளின் சத்தம் கேட்டது. பிறகு பாதிக் கூடுகளில் சத்தமில்லை. மாமா கொக்குகளைப் புதைத்துவிட்டு, "ஏம்பா, மருந்து போடலன்னா நெல்லு வீடு வந்து சேராது. கொக்கு வந்து என் கடனைக் கட்டுமா?" என்றார். எனக்கு அன்று விடை தெரியவில்லை. நாம் தமிழில் 'பூச்சி மருந்து' என்கிறோம். இங்குள்ள தெலுங்கரும் 'புருகுல மந்து' என்றே சொல்கிறார்கள். இரு மொழியிலும் அது மருந்துதான்.

இந்த ஆண்டு ஊருக்குப் போனபோது மாமாவே மருந்துப் புட்டியைக் கொண்டுவந்து, "இந்த முக்கோணம் என்னன்னு படிச்சுச் சொல்லு" என்றார். சிவப்பு மிகக் கொடியது; அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். எலிக்கு எவ்வளவு கொடுத்தால் பாதி எலிகள் சாகும் என்பதை முதன்மையாக வைத்து இடும் நிறம் அது. அந்தக் கணக்கில் டி.டி.டி. சிவப்புக்கூட அன்று, மஞ்சள்தான். "இதுல முட்டைக்கு எந்த நிறம்?" என்று கேட்டார் மாமா. முட்டைக்கு நிறம் ஒதுக்கவில்லை என்றேன். குருணையைக் குறைத்து, வேப்பங்கொட்டைக் கரைசலை ஒரு காணியில் மட்டும் அடித்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். விளைச்சல் எப்படி என்று அறுவடைக்குப் பின்தான் தெரியும்.

நேலபட்டில் நாங்கள் பார்த்த கூடுகளில் குஞ்சுகள் நிறையவே இருந்தன. வரும் தை மாதத்தில் மீண்டும் போகிறோம்; மாமாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சேர விரும்பும் அன்பர்கள் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். எங்களிடம் தொலைநோக்கி ஒன்றே உள்ளது. உடையவர்கள் கொண்டுவந்தால் நலம்.