ஒன்றாம் எண் கூண்டு

துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏறிவிட்டால் தூத்துக்குடி திரேஸ்புரம் கரையில் யாரும் அதை அலட்சியம் செய்வதில்லை. புயல் எங்கோ ஆழ்கடலில்தான் இருக்கும், தலைக்கு மேல் வெயில்கூட அடிக்கும். ஆனாலும் வலையை ஒதுக்கலாமா, வல்லத்தைக் கரையேற்றலாமா என்று பேச்சு தொடங்கிவிடும். எரிச்சல் முற்றும்போது மனதுக்குள் ஏறும் கூண்டை மட்டும் நாம் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் பெருகும் காலம் என்பதால் அந்தத் தடை தேவைதான். ஆனால் அந்த 61 நாளும் வீட்டில் உலை வைத்தாக வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கும் செலவும் அப்போதுதான் வந்து நிற்கும். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை கிடையாது, ஆனால் கச்சான் காற்று ஓங்கி அடித்தால் அவர்களுக்கும் பாடு இல்லை. முத்துக்குளித்த குடும்பங்களின் காத்திருப்போ முடியவே இல்லை. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்காததால் சங்கெடுக்கப் போனார்கள்.

உழைக்கத் தெம்பிருந்தும் வழி மறிக்கப்படும்போது வரும் எரிச்சல் குணக்கேடு அல்ல. மறிக்கப்பட்ட மனம் யாரையாவது தாக்கத் தேடும் என்று 1939இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். எரிச்சல் பட்டவரெல்லாம் கை ஓங்குவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் அதைத் திருத்தின. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தத் திருத்தம்தான்; கை ஓங்காமல் இருக்கவும் முடியும். ஆனால் காற்றை அடிக்க முடியாது, அரசாணையோடு மல்லுக்கட்ட முடியாது. அதனால் சிலரின் ஆத்திரம் சோறு போடுகிறவள் மேலும் பிள்ளை மேலும் இறங்குகிறது. பாத்திரத்தை வீசினால் கோபம் தணியும் என்பதும் தவறு. வீசப் பழகிய கை அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வீசும்.

மனதுக்குள் கூண்டு ஏறுவதற்கு அடையாளம் உண்டு. தாடை இறுகும், தூக்கம் கெடும், பிள்ளை கேட்ட சின்னக் கேள்விக்கு வள்ளென்று பதில் வரும். அந்த நேரத்தில் எழுந்து கடற்கரைப் பக்கம் அரைமணி நடப்பது தோல்வி இல்லை. சாராயம் ஆற்றும் என்று நம்புவதுதான் ஆபத்து. அடி விழுந்துவிட்டால் அது குடும்ப விஷயம் அல்ல, 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்குப் பாதுகாப்பு உண்டு. உதவிக்கு 181ஐ அழைக்கலாம்.

எரிச்சலுக்குப் பின்னால் பெரும்பாலும் கடன் நிற்கிறது. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023இல் அரசு அறிவித்தது. வந்து சேரவில்லையென்றால் மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், அது சலுகை அல்ல. கந்துவட்டிக்காரர் வாசலில் நின்று மிரட்டினால், 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டப்படி அவருக்கு மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம். திங்கட்கிழமைக் குறைதீர்ப்புக் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100; பெண்களுக்கு வருமான வரம்பும் கிடையாது.

மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சம் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசு மனநல சேவையை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. நீங்கள் சொன்னதை ரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். அவ்வளவு தூரம் போகத் தயக்கமென்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கணவர் பேச மறுத்தால், அவருக்காக மனைவியே அழைத்து யோசனை கேட்கலாம்.