57 சென்டிமீட்டரில் ஓர் இரவு

வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் முந்தைய தலைமுறை 'கலிஃபோர்னியா' கேம்பர் வேனில் பின்னிருக்கையை மடித்து விரித்தால் ஒரு படுக்கை கிடைக்கும். அதன் அகலம் 114 சென்டிமீட்டர். இரண்டு பேர் படுக்கிறார்கள் என்றால் ஆளுக்கு 57. வளர்ந்த ஆணின் தோள் அகலமே 45 முதல் 50 சென்டிமீட்டர் வரை இருக்கும். மல்லாந்து படுத்தால் இரு பக்கமும் இரண்டு மூன்று விரற்கடைதான் மிஞ்சும். ஜெர்மானியர் வீட்டில் போடும் ஒற்றைக் கட்டில்கூட 90 சென்டிமீட்டர் அகலம்.

1947இல் பென் பான் என்ற டச்சு வணிகர் தன் குறிப்பேட்டில் இந்த வேனின் முன்னோடியான பெட்டி வடிவ வண்டி ஒன்றைக் கோட்டோவியமாக வரைந்தார். 1950இல் அந்த வண்டி வோக்ஸ்வாகன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தத் தொடங்கியது. அன்று முதல் ஐரோப்பியக் குடும்பங்கள் கோடை தோறும் இந்த ஒடுக்கத்துக்குள் உறங்கி எழுகின்றன. விளிம்பிலிருந்து உருண்டு விழுகிறவர்கள் மிகக் குறைவு. இது எப்படி முடிகிறது?

நாம் இரவு முழுக்கக் கட்டைபோல் கிடப்பதில்லை. நலமாக உள்ள ஒருவர் ஒரே இரவில் இருபது முப்பது தடவைகூடப் புரண்டு படுப்பார். அதற்குக் காரணம் நம் எடைதான். உடலின் எடை பஞ்சின்மீது சமமாகப் பரவாமல் தோளிலும் இடுப்பிலும் குவிகிறது. நுண்குழாய்களில் ரத்த அழுத்தம் வெறும் 32 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டியது. வெளியிலிருந்து அழுத்தும் எடை அதை மிஞ்சினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் தடைபடும். அப்படியே நெடுநேரம் கிடந்தால் திசு சாகும். தானாகப் புரள முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செவிலியர் திருப்பிப் படுக்க வைப்பது படுக்கைப்புண் வராமலிருக்கத்தான். நமக்கு அந்தச் செவிலியர் வேலையை நம் மூளையே செய்துவிடுகிறது.

எப்படிச் செய்கிறது என்பதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பெரும்பாலான புரளல்களின்போது மூளை சில நொடிகள் விழிப்புக்கு அருகே வந்து போகிறது. மின்பதிவில் அது தெளிவாகத் தெரியும். காலையில் நமக்கு நினைவிருக்காது. தோல் எதன்மேல் பட்டிருக்கிறது, கை எந்தப் பக்கம் தொங்குகிறது, மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது என்ற செய்திகள் உறக்கத்திலும் மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. படுக்கை எங்கே முடிகிறது என்பதை உடல் பழகிக்கொள்கிறது. குழந்தைகள் கட்டிலிலிருந்து விழுவதும் பெரியவர்கள் பெரும்பாலும் விழாததும் ஓரளவு இந்தப் பழக்கத்தின் வேறுபாடு. குழந்தைகள் பெரியவர்களைவிட அடிக்கடி புரள்வதும் ஒரு காரணம். ஒடுங்கிய படுக்கையில் உருண்டு போக இடமில்லை. இருந்த இடத்திலேயே அச்சில் திரும்ப வேண்டும். சில இரவுகளில் பெரும்பாலோர் அதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

இன்னொரு காவலும் உண்டு. கனவு செறிந்த உறக்கத்தில் கண்கள் இமைகளுக்குள் விரைந்து அசைகின்றன. 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதை வெளியிட்டார்கள். வளர்ந்தவர்களின் உறக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கோ சற்று அதிகமோ இந்த வகை. அப்போது மூளைத்தண்டு, கண்ணையும் மூச்சையும் விட்டுவிட்டு மற்றத் தசைகளுக்குப் போகும் கட்டளைகளை நிறுத்திவிடுகிறது. கனவில் ஓடுகிறோம், கால் அசைவதில்லை. பிரான்ஸின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே, பூனைகளின் மூளைத்தண்டில் அந்தத் தடுப்பைச் செய்யும் சிறு பகுதியைச் சிதைத்துப் பார்த்தார். உறங்கிக்கொண்டிருந்த பூனைகள் எழுந்து, கண்ணுக்குத் தெரியாத இரைமீது பாய்ந்தன. மனிதரிலும் இதே தடுப்பு பழுதாகும் நோய் உண்டு என்று 1986இல் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த ஷெங்க், மஹோவால்ட் ஆகிய மருத்துவர்கள் விளக்கினார்கள். அந்த நோயாளிகள் கனவில் குத்துகிறார்கள், உதைக்கிறார்கள், கட்டிலிலிருந்து குதித்துக் காயப்படுகிறார்கள். எனவே 57 சென்டிமீட்டரில் நாம் பத்திரமாகக் கிடப்பதில் மூளைத்தண்டின் அந்தச் சிறு பகுதிக்கும் பங்குண்டு.

அகலம் இவ்வளவு குறைவாக இருந்தும் உறங்க முடியும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று: பிரிட்டிஷ் போர்க்கப்பலில் மாலுமி ஒருவர் தன் தூங்கு படுக்கையைக் கட்டிக்கொள்ள ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். பாதிப் பேர் காவலில் நின்றதால் பல நேரம் அது 28 ஆனது. கரீபியத் தீவுகளின் பழங்குடியினர் நெய்த படுக்கை அது. கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்களில் ஏறியது.

அந்தப் படுக்கைக்கு ஒரு கூடுதல் நன்மை இருந்தது. அது ஆடும். ஜெனீவாவில் 2011இல் நடந்த ஆய்வொன்றில், நான்கு நொடிக்கு ஒருமுறை மென்மையாக ஆடும் படுக்கையில் பகலில் கண்ணயர்ந்தவர்கள் அசையாத படுக்கையில் இருந்ததைவிட விரைவாக உறங்கினார்கள். அவர்களிடம் ஆழ்ந்த உறக்கத்துக்குரிய மூளை அலைகளும் கூடின. 2019இல் இரவு முழுக்க ஆட்டிப் பார்த்தபோதும் உறக்கம் ஆழமானது, நினைவாற்றலும் மேம்பட்டது. அதே ஆண்டு எலிகளிடம் செய்த சோதனையில், உள்காதில் சமநிலை உணரும் நுண்கற்கள் இல்லாத எலிகளுக்கு இந்தப் பயன் கிட்டவில்லை. தூளி ஆட்டும் நம் வீடுகளுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது. ஆனால் நிறுத்திய வேனின் ஆட்டம் வேறு வகை. பக்கத்தில் படுத்தவர் புரண்டாலோ காற்று வீசினாலோ ஸ்பிரிங்குகள்மேல் வண்டி திடீரெனக் குலுங்கும். ஒழுங்கான ஆட்டம் தாலாட்டும். ஒழுங்கற்ற குலுக்கல் எழுப்பிவிடும். வேனின் மூலைகளுக்கு அடியில் தாங்கி வைத்து அசைவைக் குறைப்பவர்கள் செய்வது சரியான வேலை.

பயணத்தின் முதல் இரவில் சரியாக உறங்க முடியாததற்குப் படுக்கையைக் குறை சொல்கிறோம். காரணம் பெரும்பாலும் வேறு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யூகா சசாகி குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதிய இடத்தில் முதல் இரவு மூளையின் இடப்பாதி வலப்பாதியைவிட லேசாகவே உறங்குகிறது. பழகாத ஒலி கேட்டால் அந்தப் பாதி விரைவாக எதிர்வினை காட்டுகிறது. அதே இடத்தில் மறுமுறை உறங்கியபோது அந்த வேறுபாடு இல்லை. பறவைகளிடம் இது இன்னும் வெளிப்படை. வரிசையாக உறங்கும் காட்டுவாத்துகளில் ஓரத்தில் இருப்பவை, வெளிப்பக்கத்துக் கண்ணைத் திறந்து வைத்துப் பாதி மூளையால் உறங்குகின்றன என்று 1999இல் நீல்ஸ் ராட்டன்போர்க் குழுவினர் காட்டினார்கள். நமக்குள்ளும் அந்தக் காவலின் மிச்சம் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு அந்த வாத்துகள்மேல் ஓர் உறவு தோன்றுகிறது. தினமும் இடம் மாறி நிறுத்துகிறவர்கள் தலையணையையும் போர்வையையும் படுக்கும் திசையையுமாவது மாற்றாமல் வைத்துக்கொள்வது நல்லது.

மற்றவை எளியவை. பக்கவாட்டில் படுப்பவருக்குத் தடித்த பஞ்சு வேண்டும். இருக்கை மெத்தைகளின் இணைப்புக் கோடு இடுப்புக்கு அடியில் வரக்கூடாது. சரிவில் நிறுத்த நேர்ந்தால் தலை மேட்டுப்பக்கம் இருக்கட்டும். சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்துப் பக்கச்சாய்வை நீக்குங்கள். இல்லையென்றால் உருண்டுவிடாமலிருக்கத் தசைகள் இரவெல்லாம் உழைக்கும். பாதம் சூடாக இருந்தால் தூக்கம் விரைவாக வரும் என்று பாசல் நகர ஆய்வாளர்கள் 1999இல் கண்டார்கள். தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து உடலின் உள்சூட்டை வெளியேற்றுவதுதான் அதன் சூட்சுமம். குளிர்நாட்டு வேனில் காலுறை போட்டுக்கொள்வதற்கு அறிவியல் ஆதரவு இருக்கிறது.

ஈரத்தை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. இரண்டு பேர் ஓர் இரவில் மூச்சாலும் வியர்வையாலும் வெளிவிடும் நீர் அரை லிட்டரை எட்டும். அது குளிர்ந்த தகரத்திலும் கண்ணாடியிலும் துளியாகப் படிகிறது. மெத்தைக்கு அடியில் தேங்கிப் பூஞ்சை பிடிக்கிறது. மெத்தைக்குக் கீழே இடைவெளி விட்ட பலகைச் சட்டம், சற்றே திறந்த ஜன்னல் இரண்டும் இருந்தால் போதும்.

திறந்த ஜன்னலுக்கு இன்னும் வலுவான காரணம் ஒன்று உண்டு. விளிம்பை அறியும், புதிய ஒலியைக் கேட்கும் அதே மூளை உறக்கத்தில் வாசனைக்கு ஏறத்தாழச் செவிடு. கடும் நெடி காட்டியும் ஆழ்ந்து உறங்குகிறவர்கள் எழவில்லை என்பதைப் பிரவுன் பல்கலைக்கழகத்தின் கார்ஸ்கடனும் ஹெர்ஸும் 2004இல் பதிவு செய்தார்கள். கரியோ கேஸோ எரியும்போது கிளம்பக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கோ நெடியே கிடையாது. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். வேனுக்குள் சூட்டுக்காகக் கரியையோ கேஸ் அடுப்பையோ எரியவிட்டுத் தூங்காதீர்கள். படுக்கைக்கு மெத்தை வாங்கும் முன் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டுங்கள்.