வெளிநாட்டு வீட்டில் டெலிவிஷன் பெட்டி: லைசென்ஸ் கட்ட வேண்டுமா?



சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடும் பொருளோடும் வந்த சுந்தரமூர்த்தி நாயனாரை வேடர்கள் வழிமறித்துப் பறித்துக்கொண்ட தலம் நம் திருமுருகன்பூண்டி. அது ஈசனின் திருவிளையாடல். பறிபோன பொருள் நாயனாருக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் அயல்நாட்டுச் சட்டம் தெரியாமல் அபராதமாகக் கட்டும் பணம் திரும்பி வராது. அப்படி நம்மவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு செலவுதான் டெலிவிஷன் லைசென்ஸ்.

பனியன் தொழில் வளர்ந்த பிறகு நம் வட்டாரத்தில் ஏற்றுமதியாளர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்ல, மளிகைக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறார்கள். சிலர் அங்கேயே வேலை தேடிக்கொள்கிறார்கள். சில குடும்பங்கள் கோடை விடுமுறையில் போய்த் தங்குவதற்கென்றே சிறிய ஃபிளாட் வாங்கிப் போட்டிருக்கின்றன. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஒரு நாள் கடிதம் வருகிறது. 'இந்த முகவரிக்கு டெலிவிஷன் லைசென்ஸ் இல்லை' என்பது அதன் சாரம். வருடத்தில் ஒரு மாதம் தங்கும் வீட்டுக்கு இது என்ன கணக்கு என்று பலரும் குழம்பிப் போகிறார்கள்.

நமக்கும் இது புதிதல்ல

நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1933ஆம் ஆண்டின் ஒயர்லெஸ் தந்திச் சட்டப்படி நம் நாட்டிலும் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் சிறிய புத்தகம் தருவார்கள். வருடா வருடம் பணம் கட்டி அதில் முத்திரை பெற வேண்டும். வீட்டு ரேடியோவுக்கு ஒரு காலத்தில் ரூ. 15, டெலிவிஷனுக்கு ரூ. 50. கடையிலும் ஓட்டலிலும் வைக்கும் ரேடியோவுக்குத் தனி லைசென்ஸ், அதற்குக் கட்டணமும் கூடுதல். 1980களின் நடுவில் இந்த முறையே எடுக்கப்பட்டுவிட்டது. அதனால்தான் இன்றைய தலைமுறைக்கு 'டெலிவிஷன் பார்க்க அரசுக்குப் பணமா?' என்று வியப்பாக இருக்கிறது.

இங்கிலாந்தில் இந்த வழக்கம் 1922இல் ரேடியோவுக்கு 10 ஷில்லிங் என்று தொடங்கியது. 1946இல் டெலிவிஷனுக்கும் வந்தது. ரேடியோவுக்கான கட்டணத்தை 1971இல் நீக்கினார்கள். டெலிவிஷனுக்கு இன்றும் நீடிக்கிறது. பி.பி.சி. நிறுவனம் பெரும்பாலும் இந்தப் பணத்தில்தான் நடக்கிறது. 2025 ஏப்ரலில் இது வருடத்துக்கு 174 பவுண்டு 50 பென்ஸ் என்று உயர்த்தப்பட்டது. நம் பணத்தில் ஏறக்குறைய ரூ. 20 ஆயிரம்.

எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெட்டி வைத்திருப்பதற்காக அங்கே லைசென்ஸ் இல்லை, பார்ப்பதற்காகத்தான். எந்தச் சேனலானாலும் சரி, ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தாலோ, பதிவு செய்தாலோ லைசென்ஸ் வேண்டும். செல்போனில் பார்த்தாலும் இதுவே விதி. பி.பி.சி.யின் ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சியைப் பார்த்தாலும் வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் நினைத்த நேரத்தில் படம் பார்ப்பதற்கு மட்டும் வேண்டாம்.

இரண்டாவது, லைசென்ஸ் ஆளுக்கு அல்ல, முகவரிக்கு. நம் கடைக்கு ஒரு மின் இணைப்பு, குடோனுக்கு ஒரு மின் இணைப்பு என்பது போல. லண்டனில் குடியிருக்கும் மகன் தன் வீட்டுக்குக் கட்டியிருந்தாலும், கடற்கரை ஊரில் வாங்கிய விடுமுறை வீட்டில் டெலிவிஷன் பார்க்க அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஒரே வீட்டில் எத்தனை பெட்டி இருந்தாலும் ஒரு லைசென்ஸ் போதும்.

மூன்றாவது, மாணவர்கள் விஷயம். பெற்றோர் வீட்டுக்கு லைசென்ஸ் இருந்தால், படிக்கும் பிள்ளை மின் இணைப்பில் செருகாமல் தன் பேட்டரியில் ஓடும் செல்போனிலோ லேப்டாப்பிலோ பார்க்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. நம் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. பெற்றோர் வீடு பூண்டியில் இருக்கிறது. அதற்கு ஏது அந்த நாட்டு லைசென்ஸ்? அறைக்குத் தனி வாடகை ஒப்பந்தம் போட்டிருந்தால் பிள்ளையே எடுக்க வேண்டும். நண்பர்கள் கூட்டாக ஒரே ஒப்பந்தம் போட்டிருந்தால் வீட்டுக்கு ஒன்று எடுத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

கடிதம் வந்தால் என்ன செய்வது?

பயந்து உடனே பணம் அனுப்பவும் வேண்டாம். குப்பையில் போடவும் வேண்டாம். நேரலையாக எதுவும் பார்ப்பதில்லை என்றால், லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்துவிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. பார்க்கிறோம் என்றால் எடுத்துவிடுவதே மேல். எடுக்காமல் பார்த்தால் அது குற்ற வழக்காகி, 1000 பவுண்டு வரை அபராதம் போகலாம். கோர்ட்டுச் செலவு தனி. மாதத் தவணையிலும் கட்டலாம். அந்த முகவரிக்கு லைசென்ஸ் இனித் தேவையில்லை என்றால், மீதமுள்ள முழு மாதங்களுக்கான பணத்தைத் திரும்பக் கேட்கலாம். லைசென்ஸ் பெயரில் போலி ஈமெயில்களும் உலவுகின்றன. அதில் உள்ள இணைப்பைத் தொட்டு வங்கி விவரம் கொடுத்துவிடாதீர்கள்.

நாட்டுக்கு நாடு வேறு

எல்லா நாட்டிலும் இதே விதி என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூரில் வருடத்துக்கு 110 வெள்ளியாக இருந்த கட்டணத்தை 2011இல் நீக்கிவிட்டார்கள். பிரான்சில் 138 யூரோவாக இருந்தது 2022இல் நீங்கியது. ஜெர்மனியில் பெட்டி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதே இல்லை, வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். ஆனால் ஒரே ஆள் இரண்டு வீட்டுக்குக் கட்டுவது நியாயமல்ல என்று அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அதன்பின் முதல் வீட்டுக்குக் கட்டுகிறவர், விண்ணப்பித்து இரண்டாவது வீட்டுக்கு விலக்குப் பெறலாம்.

நம் ஊர்க் கணக்கும் முக்கியம்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரூ. 20 ஆயிரத்தைப் பற்றிக் கவலைப்படும் நாம், அந்த வீட்டை நம் வருமான வரிப் படிவத்தில் காட்டியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். இங்கே வசிக்கும் ஒருவர் பெயரில் வெளிநாட்டில் வீடு இருந்தால், வாடகை வராவிட்டாலும், வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் குறிக்க வேண்டும். விட்டுப்போனால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி ரூ. 10 லட்சம் அபராதம் விதிக்க இடமிருக்கிறது. ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

சரக்கு வாங்கும்போது விலையை மட்டுமா பார்க்கிறோம்? வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்த்துத்தானே அடக்கவிலை போடுகிறோம். வெளிநாட்டு வீட்டுக்கும் அப்படியே அடக்கவிலை போட்டுப் பார்ப்போம். அதில் டெலிவிஷன் லைசென்ஸுக்கும் ஒரு வரி இருக்கட்டும்.