ஊரா, காலனியா? சென்னையில் முதல் வீடு தேடும் நம் பிள்ளைகள்

விழுப்புரம் மாவட்டம், திண்டிவனம் பக்கமுள்ள மேல்சித்தாமூரை வெளியூர்க்காரர்கள் சமண மடத்தை வைத்தே அறிவார்கள். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடமும் பார்சுவநாதர் கோயிலும் இங்கேதான் உள்ளன. நாம் போனது மடத்துக்கு அல்ல. காலனி என்று இன்னமும் அழைக்கப்படும் பகுதியில் இருக்கும் ஒரு வீட்டுக்கு.

அந்த வீட்டின் மூத்த மகளுக்கு வயது 22. திண்டிவனத்தில் பட்டப்படிப்பு முடித்தவர். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அப்பா கொத்தனார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள் இந்தப் பெண்தான். வேலை கிடைத்த சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது. பிறகு வீடு தேடும் படலம் தொடங்கியது.

கூடப் படித்த தோழியோடு சேர்ந்து ஒரு படுக்கையறை வீடு எடுப்பது திட்டம். மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்ததில் ஒரு வீடு பிடித்துப்போனது. வாடகையும் பேசி முடிந்தது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டு உரிமையாளர் இருவருடைய ஆதார் நகலையும் கேட்டார். அனுப்பினார்கள். அன்று இரவே புரோக்கர் போன் செய்தார். "ஓனர் சொந்தக்காரங்களுக்கே கொடுத்துட்டாராம்மா. வேற பார்க்கலாம்." பத்து நாள் கழித்தும் அதே வீட்டின் வாசலில் 'டு லெட்' பலகை தொங்கியது.

ஆதார் அட்டையின் முகவரியில் 'காலனி' என்ற சொல் இருக்கிறது. அதற்கு முன்பே இன்னொரு வீட்டில், "திண்டிவனம் பக்கமா? ஊரா, காலனியா?" என்று வாய்விட்டே கேட்டிருக்கிறார்கள். சாதியைக் கேட்க வடமாவட்டங்களில் இதைவிடச் சுருக்கமான கேள்வி கிடையாது.

"அடுத்த தடவை ஆபீஸ் லெட்டரைக் கொடு, ஆதாரைக் கொடுக்காத. கேட்டா வேற எதையாவது சொல்லிடு பாப்பா. குடிபோயிட்டா அப்புறம் யாரு கேக்கப் போறா?" என்கிறார் அம்மா. "பொய் சொல்லி எத்தினி நாளு இருக்கும்? நாங்க போனா எங்களையும் இல்ல பொய் சொல்லச் சொல்லணும்?" என்கிறார் அப்பா. மகள் இருவரையும் பார்த்துவிட்டு நம்மிடம் திரும்பினார். "எந்த ஏரியால வீடு பார்த்தா இந்தக் கேள்வி வராது சார்?"

வீடு தேடும் மற்றவர்கள், தண்ணீர் வருமா, பஸ் நிற்குமா என்று கேட்டுப் பகுதியைத் தேர்வு செய்கிறார்கள். நம் பிள்ளைகள் அதற்கும் முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

அம்மா சொன்ன வழியை அண்ணல் அம்பேத்கரே ஒருமுறை முயன்று பார்த்தார். 1917-ல், 26 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் பணியில் சேரப் போனார். எந்த இந்து விடுதியும் இடம் தராது என்பது தெரியும். பார்சிகளுக்கான விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவு செய்துகொண்டு தங்கினார். சில நாட்களில் விஷயம் தெரிந்து, கையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. அன்று மாலைக்குள் வெளியேறச் சொன்னது. ஊரில் வேறு எங்கும் இடம் கிடைக்காமல் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் இதை அவரே எழுதியிருக்கிறார். பெயரை மறைத்துப் பெற்ற கூரையின் கீழ் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் நமக்கு அதிலுள்ள பாடம். அப்பா சொன்னதும் அதுவே.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2012-ல் டெல்லி, நொய்டா, குர்கான் உள்ளிட்ட தலைநகரப் பகுதியில் வாடகை வீடு தேடுவோர்போல் பேசிப் பார்த்தார்கள். உயர்சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் ஒரே மாதிரிக் கேட்டார்கள். 2015-ல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழில் முடிவு வெளியானது. தலித் பெயரில் தொலைபேசியில் கேட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு நேரடியாகவே மறுப்பு. முஸ்லிம் பெயரில் கேட்டவர்களில் 31 சதவீதம். வீடு தருகிறோம் என்றவர்களிலும் பலர் கூடுதல் நிபந்தனை போட்டார்கள்.

நிபந்தனை என்றால் நமக்குத் தெரிந்த ஒன்று உண்டு: 'சைவம் மட்டும்.' மேல்சித்தாமூர்க்காரர்களுக்குச் சைவ உணவு புதிதல்ல. சமண மடம் இருக்கும் ஊர். தன் வீட்டில் ஒருவர் கறி சமைக்காமல் இருப்பது அவரது நெறி. ஆனால் நகரத்து 'டு லெட்' பலகையில் அந்த இரண்டு சொற்கள் பல நேரம் சமையலைப் பற்றியவை அல்ல. சாதியை வாய்விட்டுக் கேட்காமலே வடிகட்டும் சல்லடை அது. "நாங்க வீட்ல கறி சமைக்க மாட்டோம்" என்று சொன்ன பிறகும் வீடு கிடைக்காதவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? எதுவும் சொல்லவில்லை என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் சாதி மறுப்பு பற்றிப் பேச்சில்லை என்பது உண்மை. ஆனால் 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில், அதாவது நாம் பி.சி.ஆர். என்று சொல்லும் சட்டத்தில், இருக்கிறது. அதன் 4-வது பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ வாங்கவோ அதில் வசிக்கவோ தீண்டாமையின் பேரில் தடை செய்வதைக் குற்றம் என்கிறது. 7-வது பிரிவு, வீடோ நிலமோ வாடகைக்கு விட மறுப்பதையும் புறக்கணிப்பு என்றே வரையறுக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், இல்லை என்று நிரூபிக்கப்படும் வரை அந்தச் செயல் தீண்டாமையின் பேரிலேயே நடந்ததாக நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்பது 12-வது பிரிவு. பொது இடத்தில் பிறர் பார்க்கச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உண்டு.

சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்பவரை இந்தச் சட்டத்தின் முன் நிறுத்துவது சுலபமில்லை. அதனால்தான் தடயம் முக்கியம். புரோக்கரிடம் பேசுவதை முடிந்தவரை குறுஞ்செய்தியில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு பார்த்த நாள், பேசிய வாடகை, மறுத்த நாள் மூன்றையும் எழுதி வையுங்கள். மறுத்த வீட்டின் பலகை இன்னும் தொங்கினால் படம் எடுங்கள். வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566.

இனி அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருவோம். எந்த ஏரியா? நம் ஊர்களிலிருந்து முன்பே போய் வாழ்கிறவர்களிடம் கேட்டுத் தொகுத்ததைச் சொல்கிறோம்.

தாத்தா காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர். பக்கிங்காம் கர்நாடிக் ஆலையும் துறைமுகமும் ரயில்வே பணிமனையும் இருந்த வடசென்னை. "யாராவது ஊர்க்காரன் இருப்பான். மூட்டைய எறக்கி வெச்சிட்டுத்தான் வேலை தேடுவோம்" என்றார் மேல்சித்தாமூர்ப் பெரியவர் ஒருவர். இன்றும் அங்கே அந்தக் கேள்வி குறைவு. ஆனால் வேலை இப்போது தெற்கே போய்விட்டது. வடசென்னையிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்குத் தினம் போய்வந்தால் பாதி ஆயுள் பஸ்ஸில் போகும்.

வேலைக்கு மிக அருகில், வாடகையும் குறைவாக இருப்பவை கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடிசைவாசிகளை அரசு கொண்டுபோய் வைத்த மறுகுடியமர்வுப் பகுதிகள். அங்கே வாழ்வோரில் நம் மக்கள் அதிகம். சாதி கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த முகவரியைச் சொன்னாலே வேலை மறுத்த அனுபவங்கள் அங்குள்ள இளைஞர்களுக்கு உண்டு. ஊரில் 'காலனி' என்ற சொல் செய்வதை நகரத்தில் இந்தப் பெயர்கள் செய்கின்றன. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்றுவந்த கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். அந்த ஊர்ப் பெயரை இப்போது நாடே பெருமையோடு சொல்கிறது.

மூன்றாவது, ஜி.எஸ்.டி. சாலை ஓரம். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம். நமது மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு திண்டிவனம், செஞ்சி பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. சனிக்கிழமை மாலை வேலை முடிந்து கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். செங்கல்பட்டு மார்க்கப் புறநகர் ரயிலும் உண்டு. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு நகரப் பேருந்து போகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெண் பிள்ளைகள் அந்தப் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு பார்த்தால் சம்பளத்தில் ஒரு பங்கு மிஞ்சும்.

வெளியூர்க்காரர்கள் கலந்து வாழும் புதிய குடியிருப்புகளில், பல வீடுகளை வாடகைக்கு விடும் கட்டடங்களில், விசாரணை குறைவு என்பது நாம் பேசியவர்களின் அனுபவம். உரிமையாளர் கீழேயும் வாடகைதாரர் மாடியிலும் இருக்கும் தனி வீட்டில்தான் கேள்விகள் அதிகம். வாடகை குறைவு என்று முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை பக்கம் போகிறவர்கள், 2015 டிசம்பரில் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது, 2023 மிக்ஜாம் புயலில் எவ்வளவு நின்றது என்று பக்கத்துக் கடையில் கேளுங்கள். உரிமையாளரிடம் கேட்காதீர்கள்.

அட்வான்ஸ் இன்னொரு சுவர். வாடகை 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் என்றால் 90,000. ஒரு மாட்டை விற்று, ஒரு நகையை அடகு வைக்க வேண்டிய தொகை. 2017-ம் ஆண்டுச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அப்படியானால் 27,000. இந்தச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தி வாடகைதாரரைத் துரத்த முடியாது என்கிறது. பேரம் பேசும்போது இதைச் சொல்லலாம்.

அவசரப்பட்டு முதல் மாதமே வீடு எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் அரசின் 'தோழி' மகளிர் விடுதிகள் இருக்கின்றன. இடம் காலியா என்று முதலில் விசாரித்து, அங்கே சில மாதம் தங்கி, பகுதியை நடந்து பார்த்துவிட்டு வீடு தேடலாம்.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29-ல் சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் பிள்ளைகளின் ஆதாரில் அது இன்னும் இருக்கிறது. அட்டையில் மாறினாலும் "எந்தப் பக்கம் வீடு?" என்று கேட்கிற வாய் மாற வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் மாநகராட்சி 2023 பிப்ரவரியில் வீடு, வேலை உள்ளிட்டவற்றில் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை விதித்தது. அங்கே செய்ததை, சாதி பிறந்த மண்ணில் வாடகைச் சட்டத்திலேயே ஒரு பிரிவாக எழுதிச் சேர்ப்பதற்கு என்ன தடை? தமிழக அரசிடம் நாம் கேட்பது இதைத்தான்.

அதுவரை நாமே செய்துகொள்ள ஒன்று இருக்கிறது. அன்று வியாசர்பாடியில் மூட்டையை இறக்கிவைக்க ஓர் ஊர்க்காரர் இருந்தார். இன்று அந்த இடத்தில் ஒரு நோட்டு இருக்கலாம். எந்தத் தெருவில், எந்தக் கட்டடத்தில் கேள்வி கேட்காமல் வீடு கொடுத்தார்கள் என்று ஊர் வாரியாக எழுதி வைக்கலாம். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் ஒரு பழைய கல்லூரி நோட்டை எடுத்து, முந்தைய பக்கங்களைக் கிழித்துவிட்டு உட்கார்ந்தார். தோழி விடுதிக்கு விண்ணப்பிக்கப் போகிறாராம். மூன்று மாதம் கழித்து ஊரப்பாக்கம் பக்கம் வீடு பார்ப்பாராம். ஆதாரையும் அப்படியே கொடுப்பாராம்.

"மறுத்தா?" என்றார் அம்மா.

"தேதி போட்டு எழுதி வெப்பேன்" என்றார் மகள்.