பழைய பேப்பருக்குள் இருக்கும் அமிலம்

கிள்ளான் பண்டமாரானில் வீடு மாற்றும்போது அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறங்கும் பெட்டிகளில் தாத்தா காலத்துத் தோட்டச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, ‘தமிழ் நேசன்’ செய்தித்தாள் நறுக்கு என்று ஏதாவது கிடைக்கும். நறுக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரம் தேயிலைச் சாயத்தில் பழுத்திருக்கும், நடுப்பகுதி சற்று வெளுப்பாக இருக்கும். மூலையை மடித்தால் மடிப்பு விழாது; மூலையே ஒடிந்து கையோடு வரும்.

ஆனால் எல்லாப் பழைய தாளும் இப்படி ஒடிவதில்லை. 1450களில் அச்சாளர் கூட்டன்பர்க் தாளில் அச்சிட்ட பைபிள் பிரதிகளை இன்றும் புரட்டலாம். அது லினன் கந்தலில் செய்த தாள். செய்தித்தாளோ மரத்தை அப்படியே அரைத்துச் செய்த மலிவுத் தாள். மரத்திலுள்ள லிக்னின் அதில் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகி அமிலத்தை உண்டாக்குகிறது. தாளுக்கு உறுதி தரும் செல்லுலோஸ் சங்கிலிகளை அந்த அமிலம் துண்டு துண்டாக நறுக்குகிறது. நறுக்க ஈரம் வேண்டும், வெப்பம் இருந்தால் வேகம் கூடும். கிள்ளானில் இரண்டுக்கும் குறைவே இல்லை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சை தலைகாட்டும். நம் ஊரில் பெரும்பாலான நாட்கள் 80ஐ ஒட்டியே ஓடுகின்றன.

இப்படிப் பழுத்த தாள் கைக்கு வந்தால், நூலகத்தின் ஆவணப் பாதுகாப்பாளர் முதலில் அதன் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் வைத்து மை கரைகிறதா என்று பார்ப்பார். அச்சு மை பொதுவாகத் தாங்கும். ஊற்றுப்பேனா எழுத்தும் ரப்பர் முத்திரையும் கலங்கிவிடலாம். கரையாது என்று உறுதியானால், நீர்த்த கால்சியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தாளை நனைத்து எடுப்பார். அமிலம் முறியும், தாளில் படியும் கால்சியம் கார்பனேட் பின்னால் ஊறும் அமிலத்தையும் எதிர்கொள்ளும். கிழிசலின் மேல் மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டுவார். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பசைதான்: நாளை வேறொருவர் இதைவிட நல்ல வழி கண்டால், ஈரம் வைத்துப் பிரித்துவிடலாம்.

செலோடேப்பில் அது நடக்காது. பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேட் அதைவிட மோசம். அமிலத்தை உள்ளேயே வைத்துச் சூட்டில் ஒட்டிவிடுகிறார்கள். பிறகு பிரிக்கவே முடியாது.

1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுவிட்டது. தோட்டங்களில் வாழ்ந்த பல குடும்பங்களின் பெயர் அச்சேறியது இதைப் போன்ற பக்கங்களில்தான். உங்கள் வீட்டிலும் ஒரு கட்டு இருந்தால் இன்றே படம் எடுத்துவிடுங்கள். அமிலமில்லாத உறையில், சமையலறைக்கும் வெளிச்சுவருக்கும் தள்ளி வையுங்கள். லேமினேட் கடைக்குப் போகும் முன், மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தையோ தேசிய ஆவணக் காப்பகத்தையோ ஒரு வார்த்தை கேளுங்கள்.